செத்தவர் கட்டிய லாக்கா?

படகோட்டி:
அமெரிக்காவில் போட்டோமாக் ஆற்று அருவி இருக்கும் கிரேட் ஃபால்ஸ் பார்க் படத்துக்குக் கீழே "ஜார்ஜ் வாஷிங்டன் கட்டிய லாக்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எத்தனை பாராட்டு! வாஷிங்டன் இறந்தது 1799 டிசம்பரில். வர்ஜீனியா கரையில், அருவியைச் சுற்றிப் படகுகளை இறக்கிய அந்த ஐந்து லாக்கும் திறந்தது 1802-ல். செத்தவர் எப்படிக் கட்டுவார்?

வர்ஜீனியாக்காரி:
எழுதியது நான்தான், நேராகவே கேட்டிருக்கலாம். இந்த ஆற்றில் படகு விட வழி செய்ய 1785-ல் ஆரம்பித்த போட்டோமாக் கம்பெனியின் முதல் தலைவர் யார்? அவரைச் சொல்லாமல் வேறு யாரைச் சொல்வது?

படகோட்டி:
"தொடங்கியவர்" என்று சொல்லுங்கள், அம்மணி. 1789-ல் நாட்டுக்கு ஜனாதிபதி ஆனதும் அந்தப் பதவியை விட்டுவிட்டார். திறந்தது 1802. பாறைக்குள் வெடிமருந்து வைத்துப் பிளந்தவர்கள் கூலியாட்களும், வாடகைக்குப் பிடித்த அடிமைகளும்.

கல்தச்சன்:
மேல் லாக்கின் சுவரில் சிவப்பு மணற்கல். சில கற்களில் கொத்தனார் உளியால் செதுக்கிய அடையாளக் குறி இன்னும் இருக்கிறது. அதன் படம் யாரிடமாவது உண்டா?

நதிக்கரை:
மதகு என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்க, எதற்கு இத்தனை லாக்?

படகோட்டி:
மதகு வேறு ஐயா. அது தண்ணீரைத் திறந்துவிடுவது. லாக் என்பது இரண்டு பக்கமும் கதவுள்ள அறை. படகு உள்ளே வந்ததும் தண்ணீரை வடித்தால், படகும் கூடவே இறங்கும். அருவியைச் சுற்றி 75 அடிக்கு மேல் அப்படித்தான் இறக்கினார்கள்.

நதிக்கரை:
போன மாதம் ஏரி விவாதத்திலும் இப்படித்தான் எனக்குப் பாடம் எடுத்தீர்கள். மறக்கவில்லை.

வர்ஜீனியாக்காரி:
மதகை விடுங்கள். இந்த ஆற்றில் படகு விடுவது பற்றிப் பேச 1785-ல் வர்ஜீனியா, மேரிலாந்து இரண்டு மாநிலத்தாரும் கூடியது வாஷிங்டன் வீட்டில். அதைத் தொட்டுத்தான் அன்னாபொலிஸ் மாநாடு, அப்புறம் 1787-ல் அரசியலமைப்பு மாநாடு. அவர் இல்லாமல் அங்கே ஒரு கல் நகர்ந்திருக்குமா?

படகோட்டி:
அரசியலமைப்பை யார் கேட்டது? 1802! திறந்த பிறகும் பெரிதாக என்ன லாபம்? வெள்ளம் வந்தாலும் ஓடாது, ஆறு வற்றினாலும் ஓடாது. வருடத்தில் கொஞ்ச காலம்தான் போக்குவரத்து. மாவும் விஸ்கியும் ஏற்றி ஜார்ஜ்டவுன் போன படகுகள் பலவற்றை, எதிர்நீச்சல் போட முடியாமல், அங்கேயே உடைத்து மரமாக விற்றார்கள். 1828-ல் எல்லாம் செசபீக் ஒஹாயோ என்ற இன்னொரு கால்வாய்க் கம்பெனி கைக்குப் போனது, பிறகு இந்த லாக்குகளைக் கைவிட்டார்கள்.

வர்ஜீனியாக்காரி:
லாபமில்லாததையா 1982-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆக்கினார்கள்? அந்தப் பெருமை அவரால் வந்தது. எழுதியதை மாற்றமாட்டேன்.

படகோட்டி:
சரி, நீங்கள் படம் போடும்போதெல்லாம் கீழே 1802 என்று எழுதுவேன்.

நதிக்கரை:
மதகுதான்.

கல்தச்சன்:
அந்தக் குறி உள்ள கல்லின் படம் கேட்டிருந்தேன்.