டாரோ அட்டையில் கிளாலி வள்ளம்: எங்கள் அனுபவங்கள்

தருமபுரத்திலிருந்து

காணாமல் போன பிள்ளையைத் தேடுகிற வீட்டில் சாத்திரம் என்ற சொல்லுக்குத் தனிப் பாரம் உண்டு. 2009 ஏப்ரலில், போரின் கடைசிக் கட்டத்தில், முல்லைத்தீவு மாத்தளன் பக்கம் தம்பியைத் தவறவிட்டோம். அதன் பிறகு அம்மா போகாத இடமில்லை. வாக்குச் சொல்கிறவர், மை போட்டுப் பார்க்கிறவர், கைரேகை, கிளிச் சாத்திரம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒருவர் தெற்குத் திசையில் இருக்கிறான் என்றார். இன்னொருவர் தண்ணீர் சூழ்ந்த இடம் என்றார். ஆவணிக்குள் தகவல் வரும் என்று அடித்துச் சொன்னவரும் உண்டு. எத்தனை ஆவணி போய்விட்டது. ஒவ்வொரு முறை கேட்டுவிட்டு வந்ததும் அம்மா ஒரு கிழமைக்கு ஒழுங்காகச் சாப்பிடுவார். பிறகு பழையபடி படலையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

அதனால் 2019 இல் கனடாவிலிருந்து வந்த மச்சாள் டாரோ அட்டைக் கட்டு ஒன்றைக் கையில் தந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னொரு சாத்திரமா என்று கேட்டேன். அவள் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "இதிட்ட ஆளைப் பற்றிக் கேக்காத. உன்னைப் பற்றிக் கேள்."

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கட்டில் 78 அட்டைகள். 22 பெரிய அட்டைகள், 56 சிறியவை. சிறியவற்றில் நான்கு இனம்: கோல், கிண்ணம், வாள், காசு. அப்பா இருந்த காலத்தில் எங்கள் விறாந்தையில் இரவிரவாக 304 என்ற சீட்டாட்டம் அடிப்பார்கள். அந்தக் கடதாசிக் கட்டுக்கு இது தூரத்துச் சொந்தம்தான். 15 ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் டாரோவும் வெறும் விளையாட்டாகத்தான் தொடங்கியது. 18 ஆம் நூற்றாண்டில் பிரான்சில்தான் அதை வைத்துக் குறி பார்க்கும் வழக்கம் பரவியது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அதன் மேலிருந்த பயம் பாதி போய்விட்டது.

என்னிடம் இருப்பது 1909 இல் லண்டனில் வெளிவந்த கட்டின் பிரதி. யோசனை வெயிட் என்பவருடையது. படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். அதற்கு முன்பு பெரும்பாலான கட்டுகளில் சிறிய அட்டைகளில் ஐந்து கிண்ணம், ஆறு வாள் என்று எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது. இவர் ஒவ்வொன்றிலும் மனிதரையும் ஆற்றையும் மரத்தையும் வரைந்து ஒரு சம்பவம் ஆக்கினார். அப்படியிருந்தும் நெடுங்காலம் அந்தக் கட்டு வெளியீட்டாளரின் பெயராலும் வெயிட்டின் பெயராலும்தான் அறியப்பட்டது. அட்டையின் மூலையில் அவருடைய எழுத்துகள் பின்னிய சின்னக் கையொப்பம் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

கூட வந்த சின்னப் புத்தகத்தில் ஒவ்வொரு அட்டைக்கும் நாலு சொல் அர்த்தம் போட்டிருந்தது. அதை மனப்பாடம் செய்யப் பார்த்தேன், ஏறவில்லை. ஒருநாள் கோல் இனத்தின் முதல் அட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மேகத்துக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு தடி ஒன்றைப் பிடித்திருக்கிறது. வெட்டிய தடிதான், ஆனால் இலை துளிர்த்திருக்கிறது. புதிய தொடக்கம் என்கிறது புத்தகம். எனக்கு அது எங்கள் வேலிக் கதியால். மீளக்குடியேறி வந்த வருடம் கிளுவைத் தடி வெட்டி நட்டோம். காய்ந்த கட்டை மாதிரித்தான் நின்றது. மாரி மழை விழுந்து சில நாளில் கணுக்கணுவாய்ப் பச்சை கிளம்பியது. அந்த வேலியைக் கண்ட பிறகு எனக்கு அந்த அட்டைக்கு அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றிலிருந்து புத்தகத்தை மூடிவிட்டுப் படத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

சரி, என் விசயத்துக்கு வருகிறேன். ஏழு வருடம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். போன வருடம் வவுனியாவில் தையல் படிப்பிக்கிற வேலைக்குக் கூப்பிட்டார்கள். தினமும் போய்வர முடியாது, அங்கேயே தங்க வேண்டும். அம்மாவைக் கூட்டிப்போகலாம் என்றால் அவர் அசையமாட்டார். தம்பி வந்தால் இந்த வீட்டுக்குத்தான் வருவான், பூட்டிக் கிடந்தால் என்ன நினைப்பான் என்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு மாதம் நித்திரையே இல்லை.

மூன்று அட்டை வைத்துப் பார்த்தேன். வழக்கமாக நேற்று, இன்று, நாளை என்று வைப்பார்கள். நான் அப்படி வைப்பதில்லை. எங்கே நிற்கிறேன், எதைக் காணாமல் நிற்கிறேன், எந்தப் பக்கம் ஒரு அடி வைக்கலாம் என்று மூன்று இடம் வைத்தேன்.

முதலாவது, எட்டு வாள். ஒரு பெண்ணைக் கண்ணைக் கட்டி, உடம்பைத் துணியால் சுற்றி நிறுத்தியிருக்கிறது. சுற்றிவர வாள்கள் நிலத்தில் குத்தி நிற்கின்றன. பார்த்ததும் நெஞ்சு இறுகியது. அப்புறம் விளக்கைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கால் கட்டப்படவில்லை. வாள்களும் முழுதாகச் சூழ்ந்து நிற்கவில்லை, அவளுக்கு முன்னால் வெளியாகத்தான் இருக்கிறது. அவளுக்குத்தான் தெரியாது.

இரண்டாவது, ஐந்து கிண்ணம். கறுப்புப் போர்வை போர்த்த ஒருவர் குனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கிண்ணம் சரிந்து கிடக்கிறது. முதுகுக்குப் பின்னால் இரண்டு கிண்ணம் நிமிர்ந்து நிற்கிறது. தூரத்தில் ஆறு, அதன் மேல் ஒரு பாலம். இந்த அட்டையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். சரிந்த மூன்றும் எவை என்று எண்ண வேண்டியதே இல்லை. நிற்கிற இரண்டும் எவை என்று முதல்முறையாக யோசித்தேன். ஒன்று, வேலிக்கு அடுத்த பக்கம் இருக்கிற பெரியம்மா வீடு. பெரியம்மாவின் மகள் இரவில் வந்து படுக்கத் தயார் என்று முன்பே சொன்னவள், நான்தான் காதில் வாங்கவில்லை. மற்றது ஏ9 வீதி. வெள்ளி பின்னேரம் பஸ் எடுத்தால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்கலாம்.

மூன்றாவதாக வந்தது கோல்களின் ராணி. கையில் சூரியகாந்தி, காலடியில் கறுப்புப் பூனை. அன்றைக்கு அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. விளங்காததை இழுத்துப் பிடித்து அர்த்தம் பண்ணவும் இல்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் வேலைக்குப் போனேன். அட்டை என்னைப் போகச் சொன்னது என்று யாரிடமும் சொல்லமாட்டேன். பின்னால் திரும்பிப் பார்க்க வைத்தது, அவ்வளவுதான். எனக்கு அது போதுமாயிருந்தது. உங்களுக்கு எப்படி என்று எழுதுங்கள்.

மல்லாவியிலிருந்து

தங்கச்சி, நீங்கள் எழுதியதை மகள் வாசித்துக் காட்டினாள். என் அனுபவம் கசப்பில் தொடங்கியது.

இரண்டு போகம் தொடர்ந்து நட்டம். கொழும்பில் அட்டை பார்க்கிற ஒருவர் பெரிய கெட்டிக்காரர் என்று சொந்தக்காரர் ஒருவர் கூட்டிப்போனார். பத்து அட்டையைச் சிலுவை மாதிரிப் பரப்பினார். கோபுரம் இடிந்து விழுகிற அட்டை வந்தது. இடி விழுந்து உச்சியிலிருந்த முடி பறக்கிறது, இரண்டு பேர் தலைகீழாய் விழுகிறார்கள். வயலில் செய்வினை இருக்கிறது, கழிக்க 25,000 ரூபாய் வேண்டும் என்றார். நகை அடகு வைத்துக் கொடுத்தேன். அடுத்த போகமும் வெள்ளம் கொண்டுபோனது. அந்த மனிதரைத் திட்டி என்ன பயன்? அட்டையை வைத்துப் பயம் காட்டிக் காசு கேட்டால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள் என்று மட்டும் எல்லாரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு மகள் தன் கூட்டாளியின் கட்டைக் கொண்டுவந்து, "அப்பா, ஒண்டு மட்டும் எடுங்கோ" என்றாள். மனமில்லாமல்தான் எடுத்தேன். ஏழு காசு. ஒரு கமக்காரன் மண்வெட்டிப் பிடியில் நாடியை ஊன்றி நிற்கிறான். பக்கத்துச் செடியில் ஆறு காசு காய்த்திருக்கிறது, ஒன்று காலடியில் கிடக்கிறது. அவன் முகத்தைப் பார்த்தால் களைத்தவன் மாதிரியும் இருக்கிறது, கணக்குப் போடுகிறவன் மாதிரியும் இருக்கிறது. வரம்பில் நின்று நான் நிற்கிற நிலை அதுதான். வெளிநாட்டுப் பெண் ஒருவர் நூறு வருடத்துக்கு முன்பு அதை எப்படிக் கண்டாரோ தெரியாது.

மகள் கேட்டாள்: "காலடியில கிடக்கிற ஒண்டு என்னப்பா?" அந்தச் சிறுபோகத்துக்கு வவுனிக்குளத்தில் தண்ணீர் மட்டம் குறைவு. கமக்காரர் கூட்டத்தில் எல்லாருக்கும் நெல்லுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மேட்டுக்காணி ஒன்று சும்மா கிடந்தது, வீட்டில் விதை உழுந்தும் இருந்தது. உழுந்துக்கு நெல்லளவு தண்ணீர் தேவையில்லை. எனக்குத் தெரியாத விசயமா? நெல்லையே நினைத்துக்கொண்டு இருந்ததால் கண்ணில் படவில்லை. உழுந்து போட்டேன். பெரிய இலாபம் இல்லை, அடகு மீண்டது.

மடுப் பக்கத்திலிருந்து

நான் கத்தோலிக்க மறைக்கல்வி படிப்பிக்கிறவள். ஆகவே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள்.

அக்காவுக்குச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்த நேரம், பகிடியாகத்தான், ஒரு சிநேகிதி அட்டை எடுத்துப் பார்த்தாள். 13 ஆம் அட்டை வந்தது. கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. அரசன் விழுந்து கிடக்கிறான். ஆயர் ஒருவர் கைகூப்பி நிற்கிறார். ஒரு பெண் முகத்தைத் திருப்புகிறாள். கீழே பெயர் வேறு எழுதியிருக்கிறது: மரணம். அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை. இது ஒன்று முடிந்து ஒன்று தொடங்குவதைத்தான் குறிக்கும், தூரத்தில் இரண்டு கோபுரத்துக்கு நடுவில் சூரியனும் இருக்கிறது என்று சிநேகிதி எவ்வளவோ சொன்னாள். பயந்தவளுக்குச் சூரியன் தெரியுமா? அக்கா சுகமாக வீடு வந்துவிட்டார். ஆனால் அந்த நான்கு நாள் அவர் பட்ட பாட்டை நான் மறக்கமாட்டேன்.

பங்குத் தந்தையிடம் சொன்னேன். திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2116 ஆம் எண்ணில் எல்லா வகைக் குறிபார்த்தலையும் விலக்கச் சொல்கிறது என்று எடுத்துக் காட்டினார். நான் விட்டுவிட்டேன். தருமபுரத்துச் சகோதரி செய்வது குறிபார்த்தலா, தன்னோடு பேசிக்கொள்வதா என்று எனக்குத் தீர்த்துச் சொல்லத் தெரியவில்லை. நோயாளிக்கு மட்டும் யாரும் அட்டை எடுக்காதீர்கள். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

மீண்டும் தருமபுரத்திலிருந்து

மடு அக்கா எழுதியதில் குறை நினைக்க ஒன்றுமில்லை. நோயாளிக்கும், காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்களுக்கும் அட்டை எடுக்கக் கூடாது என்பதுதான் என் முடிவும். அந்த முடிவில் நிற்பது எவ்வளவு கடினம் என்பதையும் சொல்லவேண்டும்.

போன தைப்பொங்கல் விடுமுறையில் அட்டைகளைப் பாயில் பரப்பித் துடைத்துக்கொண்டு இருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து குந்தினார். "தம்பிக்கு ஒண்டு எடுத்துப் பாரன் பிள்ளை." நான் ஏலாது என்றேன். "ஏன், உனக்கு மட்டும் எடுக்கிறாய்?" "இது எனக்குத் தெரியாத ஒண்டையும் சொல்லாது அம்மா. தம்பி எங்க எண்டு எனக்கும் தெரியாது, இந்தக் கடதாசிக்கும் தெரியாது." சொல்லிவிட்டு என் கை நடுங்கியது. அம்மா அழவில்லை. படப்பக்கம் மேலாகக் கிடந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவர் ஒன்றில் நின்றுவிட்டார். கையில் எடுத்தார்.

ஆறு வாள். ஒரு வள்ளம். பின்னால் ஒருவர் நின்று தாங்குகோல் ஊன்றுகிறார். முன்னால் முக்காடு போட்ட பெண், அருகில் ஒரு பிள்ளை. வள்ளத்துக்குள் ஆறு வாள் குத்தி நிற்கிறது. வள்ளத்தின் ஒரு பக்கம் தண்ணீர் அலையடிக்கிறது, மறுபக்கம் மட்டமாய்க் கிடக்கிறது.

"இது கிளாலி" என்றார் அம்மா.

1995 இல் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்து, அங்கிருந்து கிளாலிக் கடலால்தான் நாங்கள் வன்னிக்கு வந்தோம். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. இரவு. வெளிச்சம் காட்டக்கூடாது, சத்தம் போடக்கூடாது. அம்மா அந்த இரவைப் பற்றி எனக்கு ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார். தம்பி தண்ணீரில் கைவைக்க வேண்டும் என்று அடம்பிடித்தானாம். வாயைப் பொத்தி மடிக்குள் வைத்திருந்தாராம். ஓட்டி கடைசி வரைக்கும் ஒரு சொல்லும் பேசவில்லையாம். "பார், இதிலயும் ஒருத்தற்ர முகமும் தெரியேல்லை. எல்லாரும் முதுகு. அண்டைக்கும் இப்பிடித்தான்." பிறகு அந்தப் பிள்ளையின் முதுகில் விரலை வைத்து, "தண்ணிக்குள்ள கைவிட்டா குளிரும் எண்டு சொன்னனான், கேட்டாத்தானே" என்றார். குரல் அன்றைய தம்பியிடம் பேசுகிற குரலாகவே இருந்தது.

விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் பேசினார். அவன் எங்கே என்று அன்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளுடைய போராட்டம் தொடங்கியபோது அம்மா ஒரு பை தைப்பித்தார். அதற்குள் தம்பியின் படம், முறைப்பாட்டுப் பிரதிகள், பிறப்புப் பத்திரம் எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். எழும்பும்போது, "இதை நான் வச்சிருக்கட்டே?" என்று கேட்டார். ஓம் என்றேன். அட்டையைத் தம்பியின் படத்துக்குப் பின்னால் செருகி உறையை மடித்தார்.

என் கட்டில் இப்போது 77 அட்டைகள். புதுக் கட்டு அனுப்பட்டுமா என்று மச்சாள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.