உதைப்பதில் பெயர்பெற்ற ரக்பி ஆட்டக்காரர் ரோனன் ஓகாரா, பந்தைக் கையில் வைத்து ஆடும் அணியை உருவாக்கியது எப்படி?

கேள்வி:
அயர்லாந்துக்காக 128 ஆட்டங்களில் 1083 புள்ளிகள் எடுத்த ஓகாராவின் பெருமை பெரும்பாலும் அவருடைய காலில்தான் இருந்தது. 2009-இல் கார்டிஃபில் அவர் அடித்த டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும்போது கம்பங்களுக்கிடையே உதைப்பது), 61 ஆண்டுகளுக்குப் பிறகு அயர்லாந்துக்குக் கிராண்ட் ஸ்லாமை, அதாவது ஆறு நாடுகள் தொடரின் எல்லா ஆட்டங்களிலும் வெல்லும் சிறப்பை, பெற்றுத் தந்தது. அப்படிப்பட்டவர் பயிற்றுவித்த பிரான்சின் லா ரொஷெல் அணியோ, பிடிபட்ட நிலையிலும் பந்தை அடுத்தவருக்குக் கடத்தி ஆட்டத்தை ஓயவிடாமல் வைத்திருப்பதற்குப் பெயர்பெற்றது. இந்த மாற்றம் அவருக்கு எங்கிருந்து வந்தது?

பதில் 1:
அவர் ஊரை விட்டுப் போனதிலிருந்து வந்தது என்பேன். 2013-இல் ஓய்வுபெற்றபோது, அயர்லாந்தின் மன்ஸ்டர் அணிக்காக இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளை வென்றிருந்த அவருக்குக் கார்க் நகரிலேயே மதிப்பான வாழ்க்கை அமைந்திருக்கும். ஆனால் அவர் பாரிஸின் ராசிங் அணிக்கு உதவிப் பயிற்சியாளராகச் சென்றார். அயர்லாந்து அணியில் ஆட்டத்தை வழிநடத்துபவர் அணியும் பத்தாம் எண் சட்டைக்கு அவருடன் போட்டியிட்ட ஜானி செக்ஸ்டனும் அதே ஆண்டில் அங்கே ஆடவந்தார் என்பதால், நேற்றைய போட்டியாளருக்கே கற்றுத்தரும் நிலை அவருக்கு ஏற்பட்டது. 2016-இல் ராசிங் பிரெஞ்சு சாம்பியன் ஆனது. அதன்பின் நியூசிலாந்தின் குரூசேடர்ஸ் அணியில் ஸ்காட் ராபர்ட்சனுக்குக் கீழே பணியாற்றி, 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளிலும் அந்த அணி வென்ற சூப்பர் ரக்பி தொடரின் பட்டத்தில் பங்குபெற்றார். பந்தைக் கையில் வைத்துத் துணிந்து ஆடும் பழக்கம் அங்கேதான் அவருக்குள் ஊறியிருக்க வேண்டும்.

பதில் 2:
முந்தைய பதிலை ஓரளவே ஏற்கிறேன். எதிரணி எங்கே தளர்கிறது என்று பார்க்கும் பத்தாம் எண் ஆட்டக்காரரின் கண் அவரை விட்டுப் போகவில்லை. 2022-இல் மார்செய் நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் அயர்லாந்தின் லென்ஸ்டர் அணி தன் 21 புள்ளிகளையும் பெனால்டி உதைகளாலேயே எடுத்தது. லா ரொஷெல் மூன்று ட்ரைகள் (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டு, கடைசி நிமிடங்களில் கோட்டருகே விடாமல் மோதி, 24-21 என வென்றது. மறு ஆண்டு டப்ளினில் நடந்த இறுதிப் போட்டியில், அதே லென்ஸ்டரிடம் 17-0 எனப் பின்தங்கிய பிறகும் பதறாமல் 27-26 என வென்ற ஆட்டத்தை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன்.

பதில் 3:
2021-ஐ விட்டுவிடக் கூடாது. அவ்வாண்டில் ஐரோப்பிய இறுதிப் போட்டியிலும் பிரெஞ்சு இறுதிப் போட்டியிலும் லா ரொஷெல், மற்றொரு பிரெஞ்சு அணியான துலூஸிடம் தோற்றது. அதன் பிறகே முழுப் பொறுப்பும் ஓகாராவிடம் வந்தது. அடுத்த ஆண்டே அந்த அணி தன் முதல் பெரிய கோப்பையைத் தூக்கியது.