புத்தகத்துக்கு வெப்சைட் போட்டும் கூகுள்ல வரவே மாட்டேங்குது, உதவுங்க

கண்மாய்க்கரை
வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் அவசரம். நான் எழுதின புத்தகத்துக்குத் தனியா வெப்சைட் போட்டு ரொம்ப நாள் ஆச்சு. புத்தகத்துல இருந்து நிறைய கட்டுரை ஏத்தியாச்சு. ஆனா ஆளே வர்றதில்லை. கூகுள்ல தேடினா என் தளம் எங்கேயும் இல்லை. ஃபேஸ்புக்ல லிங்க் போட்டா அன்னிக்கு மட்டும் சிலர் எட்டிப் பார்க்கிறாங்க, மறுநாள் பழையபடி வெறிச்சோடிடுது. ஜனவரியில சென்னைப் புத்தகக் காட்சி. இரண்டாம் பதிப்பு போடலாமான்னு பதிப்பாளர் யோசிக்கிறார். அதுக்குள்ள இதைச் சரி பண்ணியாகணும். என்ன செய்யலாம்?

பாலாற்றங்கரை
சார், இதை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாது. வேர்ட்பிரஸ்ஸா, பிளாக்கரா? புத்தகம் எதைப் பத்தி? கூகுள்ல என்னன்னு போட்டுத் தேடினீங்க? உங்க பேரா, புத்தகத் தலைப்பா, இல்ல உள்ளே இருக்கிற விஷயமா? மூணுக்கும் வேற வேற காரணம் இருக்கும். தள முகவரியும் வேணும்.

தேடுபொறியாளர்
வாராவாரம் இங்கே இதே கேள்விதான் வருது. மேலே ஒட்டி வெச்சிருக்கிற இழையைப் படிச்சிருந்தா கேட்கவே வேண்டாம். வேர்ட்பிரஸ் அமைப்புகள்ல ‘வாசிப்பு’ பகுதிக்குப் போங்க. தேடுபொறிகள் இந்தத் தளத்தைத் தவிர்க்கட்டும்னு ஒரு கட்டம் இருக்கும். தளம் செஞ்சு கொடுக்கிறவங்க வேலை முடியுற வரைக்கும் அதுல டிக் போட்டு வெச்சிருப்பாங்க, அப்புறம் எடுக்க மறந்துடுவாங்க. எடுத்துவிடுங்க. வேலை முடிஞ்சது.

காணொளிக்காரன்
வெப்சைட் காலம் போயிடுச்சு தோழர். இப்ப ஜனங்க படிக்கிறதில்லை, பார்க்கிறாங்க. புத்தகத்துல ஒரு அத்தியாயத்தை எடுத்து பத்து நிமிஷ வீடியோவாப் பேசி யூடியூப்ல போடுங்க. நான் அப்படித்தான் ஆளைச் சேர்த்தேன்.

நூலகப்பூச்சி
என்ன புத்தகம்னே தெரியாம வீடியோ போடச் சொன்னா எப்படிங்க? வரிசெலுத்தும் முறை பத்தின புத்தகமா இருந்தா என்ன செய்வார்?

கண்மாய்க்கரை
மன்னிக்கணும், அவசரத்துல எழுதினேன். வேர்ட்பிரஸ்தான். அந்த டிக் இல்லை, இப்பவே பார்த்துட்டேன். புத்தகம் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்கள், அதாவது ஏரிகள் பத்தினது. பாசனத்துக்குத் தண்ணி திறக்கிற மடை, மிகுந்த தண்ணி வழியுற கலுங்கு, கண்மாய்க்குள்ள நின்னு தண்ணி திறக்கிற குமிழித்தூம்பு, வயலுக்குத் தண்ணி பங்கிட்டு விடுற நீர்பாய்ச்சிகள், ஊரே சேர்ந்து பராமரிக்கிற குடிமராமத்து எல்லாம் ஊர் ஊராப் போய்ப் பார்த்து எழுதினது. ஊர்ப்பேரும் கண்மாயும் சேர்த்துத் தேடினேன், வரல. முகவரியைப் பாலாற்றங்கரைக்குத் தனிச்செய்தியில அனுப்பியிருக்கேன். அப்புறம், நான் சார் இல்லை, மேடம்.

தேடுபொறியாளர்
அப்போ உங்க கட்டுரையில குறிச்சொல் சரியில்லைன்னு அர்த்தம். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு முதன்மைச் சொல் முடிவு பண்ணணும், அது தலைப்புலயும் முதல் பத்தியிலயும் வரணும். எஸ்சிஓ செருகுநிரல், அதாவது தேடல்ல முன்னாடி வர உதவுற கூடுதல் நிரல், போட்டு எல்லா விளக்கும் பச்சையாகுற வரைக்கும் திருத்துங்க. வெளித்தளங்கள்ல இருந்து இணைப்பு வாங்கணும். அடிப்படை தெரியாம தளம் ஆரம்பிச்சா இப்படித்தான் ஆகும்.

அச்சகத்தான்
மேடம், ஒண்ணு கேட்கிறேன். தளத்துல இருக்கிற கட்டுரையெல்லாம் நீங்களே தட்டச்சு செஞ்சதா, இல்ல புத்தகம் போட்டப்போ பிரஸ்ல இருந்து வந்த கோப்பை எடுத்து ஒட்டினதா?

கண்மாய்க்கரை
பிரஸ்காரர் கொடுத்த கோப்புதான். தளம் செஞ்ச தம்பி அதை அப்படியே ஏத்தினார். ஏன்? எல்லார் போன்லயும் தமிழ் நல்லாத்தான் தெரியுது.

அச்சகத்தான்
கண்ணுக்கு நல்லாத்தான் தெரியும். இதைச் செஞ்சு பாருங்க. உங்க தளத்துல ஏதாவது ஒரு கட்டுரையில நடுவுல ஒரு வரியை அழுத்திப் பிடிச்சு நகல் எடுங்க. வாட்ஸப்புல யாருக்காவது செய்தி எழுதுற இடத்துல ஒட்டுங்க. என்ன வருதுன்னு சொல்லுங்க.

பாலாற்றங்கரை
அண்ணே, நீங்க கேட்டதும் புரிஞ்சுடுச்சு. நான் தளத்தைத் திறந்து பார்த்தேன். தலைப்புகள் மட்டும் யூனிகோடு (எல்லாக் கணினியும் தமிழாவே படிக்கிற பொதுக் குறியீட்டு முறை), உள்ளே இருக்கிறது முழுக்கப் பழைய எழுத்துரு. அந்த எழுத்துருவையும் தளத்தோட சேர்த்து ஏத்தி வெச்சிருக்கார் அந்தத் தம்பி. அதனாலதான் எல்லார் போன்லயும் தமிழாத் தெரியுது. தேடல் பெட்டியில ‘சைட்’னு ஆங்கிலத்துல அடிச்சு, முக்காற்புள்ளி வெச்சு, ஒட்டினாப்ல தள முகவரியைப் போட்டுத் தேடினேன். பக்கங்களெல்லாம் கூகுள் பட்டியல்ல இருக்கு. அதனால அந்த டிக் கதையெல்லாம் கிடையாது. ஆனா ஒவ்வொரு முடிவுக்குக் கீழேயும் இருக்கிற ரெண்டு வரியைப் பாருங்க, ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை.

கண்மாய்க்கரை
ஆமாங்க!! ஒட்டினா ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது. அப்ப எல்லாத்தையும் மறுபடி தட்டச்சு செய்யணுமா?

அச்சகத்தான்
வேண்டாம் மேடம். அரைப்புள்ளி நிறைய வந்தா பெரும்பாலும் பாமினிங்கிற பழைய எழுத்துரு முறை. அதுல புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். கோப்புக்குள்ள இருக்கிறது ஆங்கில எழுத்து, எழுத்துரு அதைத் தமிழ் மாதிரி வரைஞ்சு காட்டுது. அவ்வளவுதான். கூகுளுக்கு எழுத்துருவைப் பத்திக் கவலையில்லை, உள்ளே இருக்கிற எழுத்தைத்தான் படிக்கும். ‘கண்மாய்’னு ஒருத்தர் தேடினா உங்க பக்கத்துல அந்தச் சொல்லே கிடையாது.

மாற்றிகள் இலவசமாவே கிடைக்குது. என்எச்எம் மாற்றி இருக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஒண்ணு வெச்சிருக்கு. எழுத்துரு முறையைச் சரியாத் தேர்ந்தெடுத்து ஒட்டினா யூனிகோடா வந்துடும். ஆனா அதை அப்படியே ஏத்திடாதீங்க. என் கை பட்டு ஏகப்பட்ட புத்தகம் மாறியிருக்கு, எங்கே உதைக்கும்னு சொல்றேன்.

பழைய எழுத்துருவுல ஔகாரத்துக்குத் தனிக் குறி கிடையாது, ளகரத்தைத்தான் பக்கத்துல போடுவாங்க. மாத்தினதும் ‘பௌர்ணமி’ங்கிறது ‘பெளர்ணமி’னு ஒற்றைக்கொம்பும் ளகரமுமா நிற்கும். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், தேடலுக்கு வேற வேற சொல். கௌ, சௌ, மௌ வர்ற இடத்தையெல்லாம் தேடி மாத்துங்க.

நடுவுல நிஜமாவே ஆங்கிலத்துல இருந்த சொற்கள், துறைப்பேர் சுருக்கம் மாதிரி, எல்லாம் அர்த்தமில்லாத தமிழா மாறியிருக்கும். அப்புறம் அச்சுப் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருள்ல இருந்து எடுத்ததுன்னா ஒவ்வொரு வரி முடிவுலயும் வரி உடைஞ்சு, சொல் பாதியில வெட்டுப்பட்டிருக்கும். ‘குமிழித்தூம்பு’ ரெண்டு துண்டாக் கிடந்தா அதுவும் தேடல்ல சிக்காது. ஒரு தடவை முழுசாப் படிச்சுத்தான் ஆகணும், குறுக்குவழி இல்லை.

தேடுபொறியாளர்
இந்தக் காலத்துலயும் பழைய எழுத்துருவுலயே புத்தகம் போடுற அச்சகங்களாலதான் தமிழ் இணையம் இப்படி இருக்கு. தமிழ் யூனிகோடுல 1991லயே வந்தாச்சு. தமிழ்நாடு அரசும் 2010ல யூனிகோடை ஏத்துக்கிட்டு ஆணை போட்டாச்சு. இன்னும் எத்தனை வருஷம் வேணும்?

அச்சகத்தான்
ஆணை போட்டா மென்பொருள் மாறிடுமா? பேஜ்மேக்கர் 7 வந்தது 2001ல. அதோட அந்த மென்பொருள் நின்னுபோச்சு, கடைசி வரைக்கும் அதுல யூனிகோடு தமிழ் ஒழுங்கா வரல. அதே வேலைக்கான இன்டிசைன்ல தமிழ் உடையாம உட்கார ஆரம்பிச்சதே 2012ல வந்த சிஎஸ்6 பதிப்புல இருந்துதான். அதுவரைக்கும் எங்களுக்கு வேற வழி என்ன இருந்துச்சு? பழைய எழுத்துரு மாதிரி அச்சுல அழகா நிற்கிற யூனிகோடு எழுத்துரு ரொம்ப நாள் கிடைக்கவே இல்லை. பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குற ஆள்கிட்ட ரெண்டு முறையிலயும் கோப்பு கொடுன்னு எந்தப் பதிப்பாளரும் கேட்டதில்லை. கேட்டா கொடுத்திருப்போம்.

தேடுபொறியாளர்
2012க்கு அப்புறமும் வருஷம் ஓடிடுச்சே.

நூலகப்பூச்சி
இதை வேற இழையில வெச்சுக்கலாமே. எனக்கு இதுல வேற உறுத்தல். மேடம் புத்தகத்தையே கட்டுரை கட்டுரையாத் தளத்துல போட்டுட்டாங்க. இப்ப அதைத் தேடல்லயும் வர வெச்சுட்டா இரண்டாம் பதிப்பை யார் வாங்குவா? காசு கொடுத்து முதல் பதிப்பு வாங்கினவன் நான்னு வெச்சுக்கோங்க, எனக்கு வருத்தமா இருக்காதா?

காணொளிக்காரன்
இலவசமாக் கொடுத்தாத்தான் ஆள் வரும். பூட்டி வெச்சா புத்தகம் டெலிகிராம்ல பிடிஎஃபா சுத்தும், அதுக்கு நாமளே கொடுத்துடலாம்.

நூலகப்பூச்சி
திருடுறான்கிறதுக்காக நாமளே வாரிக் கொடுக்கணுமா? பதிப்பாளர்கூட ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கில்லையா? மின்னுரிமை யார்கிட்ட இருக்குன்னு பார்க்காம ஏத்தினதே தப்பு.

பாலாற்றங்கரை
ஒப்பந்தத்தைப் பார்க்கணும்கிறது சரி. மேடம், அதை முதல்ல எடுத்துப் படிங்க. அமேசான் கிண்டில்ல மின்புத்தகமாப் போடுற எண்ணம் இருந்தாலும் கவனம். 2016 டிசம்பர்ல இருந்து அங்கே தமிழ்ல போடலாம், ஆனா அவங்களோட கேடிபி செலக்ட் திட்டத்துல சேர்ந்தா அந்த 90 நாளுக்கு மின்வடிவம் வேற எங்கேயும் இருக்கக்கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம் வரைக்கும்தான் வெளியில வைக்கலாம். முழுப் புத்தகமும் தளத்துல கிடந்தா சிக்கல்.

ஆனா கொடுக்கிறதா பூட்டுறதாங்கிறது என்னைப் பொறுத்தவரை ரெண்டாவது கேள்வி. கதை, நாவல் எழுதுறவங்களை வாசகர் பேரைச் சொல்லித் தேடுவாங்க. கட்டுரை நூல் எழுதினவங்களை அப்படித் தேடுறது அபூர்வம். விஷயத்தைத்தான் தேடுவாங்க. தன் ஊர்க் கண்மாய் பேரைப் போட்டுத் தேடுற ஆள் மேடத்தோட பேரைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். ஆனா அந்தப் புத்தகத்தைத் தேடிப்போய் வாங்கக்கூடிய ஆள் அவர்தான். அவர் துபாய்லயோ திருப்பூர்லயோ இருப்பார், ராத்திரி சாப்பிட்டுட்டு ஊர் ஞாபகத்துல தேடுவார்.

அதனால புத்தகத்து அத்தியாயங்களை இறக்கிட்டு, கண்மாய்க்கு ஒரு பக்கம்னு புதுசா எழுதுங்க. ஊர்ப்பேர், வட்டம், மடை எத்தனை, கலுங்கு எந்தப் பக்கம், தண்ணி எங்கேயிருந்து வருது, எங்கே போகுது, தூம்புல கல்வெட்டு இருந்தா அதோட படம். ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வைகைத் தண்ணி வர்ற வழியையே ஒரு பக்கமா எழுதலாம். புத்தகத்துல இருக்கிற வாதத்தை அங்கே வைக்க வேண்டாம், அது புத்தகத்துலயே இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்து முடிவுலயும் புத்தகத்தோட அட்டைப்படம், விலை, எத்தனை பக்கம், எங்கே கிடைக்கும்கிறது. ‘உங்க ஊர்க் கண்மாய் பத்தி விட்டுப்போனது இருந்தா எழுதுங்க’ன்னு ஒரு வரி. இரண்டாம் பதிப்புக்கு வேண்டிய திருத்தமும் படமும் அந்த வழியாவே வரும். கவிதைத் தொகுப்புக்கு இது நடக்காது, உங்களுக்கு நடக்கும்.

படம்னதும் ஒண்ணு. உங்க முகப்புல ‘நூல் அறிமுகம்’ங்கிற பகுதி முழுக்கச் சுவரொட்டி மாதிரி ஒரே படமா இருக்கு. அதையும் எழுத்தா மாத்துங்க.

நூலகப்பூச்சி
இப்படிச் சொன்னா ஒத்துக்கிறேன். புத்தகத்தை வாங்கினவனுக்கும் புதுசா ஏதோ கிடைக்கும்.

தேடுபொறியாளர்
யாரும் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன். முகவரியைக் கவனிங்க. தலைப்பைத் தமிழ்ல போட்டா வேர்ட்பிரஸ் அதையே முகவரியாவும் எடுத்துக்கும். வாட்ஸப்புல ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 எழுத்தா விரியும். புள்ளியும் காலும் தனிக்குறிங்கிறதால ‘கண்மாய்’ ஒரு சொல்லுக்கே 7 குறி, 63 எழுத்து. வேர்ட்பிரஸ் 200ஐத் தாண்ட விடாது, அங்கேயே வெட்டிடும். நீளமாத் தலைப்பு வெச்ச கட்டுரைக்கெல்லாம் முகவரி பாதியில அறுந்து நிற்கும். பார்க்கிறவன் ஏதோ வைரஸ் லிங்க்னு தொடவே மாட்டான். ஊர்ப்பேரை ஆங்கில எழுத்துல சின்னதா வைக்கணும். வேர்ட்பிரஸ்ல பதிவா (போஸ்ட்) போட்டிருந்தா பழைய முகவரியை அதுவே புதுசுக்குத் திருப்பிவிடும், பக்கமா (பேஜ்) இருந்தா திருப்பாது, நீங்கதான் ஏற்பாடு செய்யணும்.

அச்சகத்தான்
இது நல்ல தகவல். எனக்கே தெரியாது.

கயல்வரி
அக்கா, ஃபேஸ்புக்கை மட்டும் நம்பாதீங்க. அங்கே போட்டது அன்னிக்கோட போச்சு. மின்னஞ்சல் பட்டியல் ஒண்ணு வெச்சுக்கோங்க, தளத்துலயே பதிய ஒரு பெட்டி. நம்ம வாசகர்ல பாதிப்பேர் மின்னஞ்சல் திறக்கிறதில்லைங்கிறது உண்மைதான், அதனால வாட்ஸப் சேனலும் சேர்த்து. பிராட்காஸ்ட் பட்டியல் வேண்டாம், அதுல 256 பேர்தான், உங்க எண்ணைச் சேமிச்சு வெச்சவங்களுக்குத்தான் போகும். சேனல்ல பின்தொடர்றவங்க எண் ஒருத்தருக்கொருத்தர் தெரியாது, பெண்கள் பயமில்லாமச் சேருவாங்க. ஆனா பட்டியல் உங்க கையில இருக்கிறது மின்னஞ்சல்ல மட்டும்தான்.

இன்னொண்ணு. விக்கிப்பீடியாவுல போய் நீங்களே உங்க புத்தகத்துக்கு இணைப்பு போடாதீங்க, தன்விளம்பரம்னு நீக்கிடுவாங்க. அதுக்குப் பதிலா கண்மாய்ப் படங்களை விக்கிமீடியா பொதுவகத்துல உங்க பேரோட கட்டற்ற உரிமத்துல ஏத்துங்க. கட்டுரை எழுதுறவங்க அதை எடுத்துப் போடுவாங்க, படத்தைச் சொடுக்கினா எடுத்தவர் பேர் வரும்.

காணொளிக்காரன்
நான் இன்னமும் சொல்றேன், கலுங்குல தண்ணி பாயுற ஒரு வீடியோ இந்த எல்லாத்தையும் விட ஆளைக் கொண்டுவரும்.

கயல்வரி
போடட்டும் அண்ணே, அந்தந்தக் கண்மாய்ப் பக்கத்துலயே பதிச்சு வைக்கட்டும்.

பாலாற்றங்கரை
மேடம், என்னாச்சு? மாத்திப் பார்த்தீங்களா?

மட்டுறுத்துநர்
அச்சக எழுத்துரு விவாதத்தைத் தனி இழையாப் பிரிச்சிருக்கோம். இங்கே கேள்விக்கு மட்டும் பதில் எழுதவும்.

கண்மாய்க்கரை
எல்லாருக்கும் நன்றி, வேலை ஓடிக்கிட்டிருக்கு. முதல்ல சில ஊர்களை மட்டும் யூனிகோடுல புதுப் பக்கமாப் போட்டேன். ரெண்டு ஊருக்குத் தேடினா முதல் பக்கத்துலயே வருது. ஒருத்தர் அவங்க ஊர் மடைக்கல்லைப் படம் எடுத்து அனுப்பியிருக்கார், அதுல எழுத்து இருக்கு, நான் பார்க்காதது. ஒப்பந்தத்துல மின்னுரிமை என்கிட்டதான் இருக்கு. மத்த பக்கங்கள் இன்னும் கூகுள்ல மாறல, பழைய குப்பைதான் காட்டுது. காத்திருக்கணுமா?

பாலாற்றங்கரை
சந்தோஷம் மேடம். காத்திருக்கலாம், தூண்டியும் விடலாம். தளம் வெச்சிருக்கிறவங்களுக்குக் கூகுள் தர்ற சர்ச் கன்சோல்ல தளத்தைப் பதிஞ்சு, மாத்தின பக்கத்தோட முகவரியை ஆய்வுப் பெட்டியில போட்டு மறுபடி பட்டியலிடக் கேளுங்க. முக்கியமான பக்கங்களுக்கு மட்டும் அப்படிச் செஞ்சாப் போதும். மத்ததுக்குத் தளவரைபடத்தை, அதாவது தளத்துப் பக்கங்களோட முகவரிப் பட்டியலை, கொடுத்துடுங்க. 2020ல வந்த 5.5 பதிப்புல இருந்து வேர்ட்பிரஸ் அதைத் தானாவே உருவாக்கி வெச்சிருக்கும். அந்த மடைக்கல் படத்தைப் போடும்போது கீழே எழுத்துல விவரம் எழுத மறக்காதீங்க, அனுப்பினவர் சம்மதிச்சா அவர் பேரோட.