வார்டே இல்லாத ஊரில் யாருக்கு ஓட்டுப் போடுவது?

மர்ஃபி டவுன் லேத் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவன். முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் லேத் ஓட்டிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். அல்சூர் ஏரிப் பக்கம் காலையில் நடப்பேன், பேப்பர் படிப்பேன், அவ்வளவுதான் வேலை.

மகள் கனடாவில், வான்கூவரில் இருக்கிறாள். போன மாதம் அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் குடியுரிமை வந்துவிட்டது. 2026 அக்டோபர் 17 அன்று அங்கே மாநகராட்சித் தேர்தல். அவளுக்கு அதுதான் முதல் ஓட்டு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது, "உங்க ஏரியா கார்ப்பரேட்டர் யாரும்மா, ஆள் எப்படி?" என்று கேட்டேன். இங்கே வார்டு கவுன்சிலரைத்தான் கார்ப்பரேட்டர் என்போம். "எங்க ஏரியாவுக்குன்னு கார்ப்பரேட்டரே கிடையாதுப்பா, ஊருக்கே சேர்த்துப் பத்துப் பேர்" என்கிறாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். மாப்பிள்ளையும் அதையேதான் சொல்கிறார்.

எனக்குப் புரியவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? எங்கள் சந்தில் விளக்கு போய் ஐந்து மாதம் ஆகிறது. நான் ஏறி இறங்கிய அலுவலகம் எது என்று இங்கே எழுத விரும்பவில்லை. ஆனால் கார்ப்பரேட்டர் இருந்த காலத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மறுநாள் ஏணியோடு ஆள் வரும். அந்தத் திண்ணை இல்லாத ஊரில் எப்படிக் குடித்தனம் நடக்கிறது? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். மகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் என்னிடம்தான் கேட்கிறாள், நான் என்னவோ அரசியல் தெரிந்தவன் மாதிரி.

---

கே.ஆர்.புரம் பாலம்:

ஐயா, கார்ப்பரேட்டர் அங்கே இல்லை என்று கவலைப்படுகிறீர்களே, இங்கே மட்டும் இருக்கிறாரா? 2020 செப்டம்பரோடு 198 பேரும் வீட்டுக்குப் போனார்கள். 2025 ஆகியும் யாரும் வரவில்லை.

---

திரும்பி வந்தவன்:

ஐயா, உங்கள் மகள் சொல்வது நிஜம். நான் அங்கே பதினொரு வருஷம் இருந்துவிட்டு இப்போது ஒயிட்ஃபீல்டில் இருக்கிறேன். 2018-ல் அங்கே ஓட்டுப் போட்டவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 2018 தேர்தல்தான் எனக்கு முதல் ஓட்டு. சனிக்கிழமை. வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்தார்கள், கல்யாண மண்டபச் சாப்பாட்டு இலை அளவுக்கு இருந்தது. மேயருக்கு 21 பேர், கவுன்சிலுக்கு 71 பேர். அதில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு முடியவில்லை. பூங்காக்களுக்குத் தனி வாரியம், அதற்கு ஏழு பேர். பள்ளிக்கூடங்களுக்குத் தனி வாரியம், ஒன்பது பேர். ஒரே சீட்டில் 27 பெயருக்குக் குறி வைக்க வேண்டும். போதாக்குறைக்கு அந்த வருஷம் பெயர்கள் அகர வரிசையில் இல்லை, குலுக்கல் போட்ட வரிசை. நான் வீட்டில் எழுதிக்கொண்டு போன துண்டுச்சீட்டைப் பார்த்துப் பார்த்துத் தேடினேன். பக்கத்து மேசையில் ஒரு பாட்டி விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போதும் அவர் பாதி வழியில்தான் இருந்தார்.

எழுபத்தொரு பேரை யாருக்குத் தெரியும்? அதனால்தான் அங்கே ஊர்க் கட்சிகள் உயிரோடு இருக்கின்றன. டெல்லிக் கட்சி, மாகாணக் கட்சி மாதிரி இல்லை. வான்கூவர் ஊருக்குள் மட்டும் நடக்கிற கட்சிகள். பழையது என்.பி.ஏ., 1937-ல் தொடங்கியது. பெயரே "கட்சி சார்பற்ற சங்கம்" என்று பொருள்படும், ஆனால் அது கட்சிதான்! அதற்கு எதிராக 1968-ல் இடதுசாரிகள் கோப் என்று ஒன்று வைத்தார்கள். 2005-ல் விஷன் வந்தது. அதன் மேயர் கிரெகர் ராபர்ட்சன் 2008 முதல் 2018 வரை தொடர்ந்து பத்து வருஷம் இருந்தார். நகரத்தின் நடுவில் சைக்கிள் பாதை போட்டதற்காக அவரைத் திட்டாத டாக்ஸிக்காரரை நான் பார்த்ததில்லை. அதே ஆள் 2025-ல் ஒட்டாவாவில், மத்திய அரசில், வீட்டுவசதி அமைச்சர் ஆனார்.

2018-ல் ஜெயித்த கென்னடி ஸ்டுவர்ட் சுயேச்சை. என்.பி.ஏ. வேட்பாளர் கென் சிம்மை 957 ஓட்டில் தோற்கடித்தார். ஜெயித்துப் போய் உட்கார்ந்தால் சபையில் அவருக்கென்று ஒரு ஆள் கிடையாது. என்.பி.ஏ. ஐந்து, பசுமைக் கட்சி மூன்று, கோப் ஒன்று, ஒன்சிட்டி ஒன்று. அங்கே மேயருக்கும் ஒரே ஒரு ஓட்டுதான், பதினொன்றில் ஒன்று. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அவர் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. 2022-ல் கென் சிம் புதுக் கட்சியோடு வந்தார், பெயர் ஏ.பி.சி. கவுன்சிலுக்கு ஏழு பேரை நிறுத்தினார், ஏழு பேரும் ஜெயித்தார்கள். வார்டு இல்லாததன் கூத்து இதுதான் ஐயா. காற்று ஒரு பக்கம் அடித்தால் மொத்தமாக அடிக்கும்.

இப்போது உங்கள் தெருவிளக்கு. வான்கூவரில் 3-1-1 என்று ஒரு எண். கூப்பிட்டால் புகார் எண் கொடுப்பார்கள், முடிந்தது. கார்ப்பரேட்டர் தலையிட வேண்டிய வேலையாகவே அதை அவர்கள் நினைப்பதில்லை. எங்கள் தெருவில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கியது, கூப்பிட்டேன், வந்து எடுத்தார்கள். யார் கவுன்சிலர் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஆனால் திண்ணை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். விளக்கு, குப்பை இதற்கெல்லாம் போன் போதும். உங்கள் பேட்டையில் நூலகம் வேண்டும், பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் சாலையைக் கடக்க சிக்னல் வேண்டும் என்றால்? அதற்கு யாராவது ஒருவர் "இது என் பேட்டை" என்று சபையில் எழுந்து நிற்க வேண்டும். அங்கே ஒன்டாரியோ தெருதான் கிழக்கு மேற்கு என்று முகவரிகளைப் பிரிக்கிற கோடு. மேற்கில் பெரிய வீடுகள், பழைய பணம். கிழக்கில் கூலிக்காரர்களும் வந்தேறிகளும், எங்களையும் சேர்த்து. ஊர் முழுக்க ஒரே தொகுதி என்றால் மேற்குப் பக்கத்துக் குரல்தான் ஓங்கும் என்று கிழக்குக்காரர்கள் காலகாலமாகச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கேயும் வார்டு இருந்தது, 1930-களில் எடுத்துவிட்டார்கள். திரும்ப வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, 2004-ல் தாமஸ் பெர்ஜர் என்ற முன்னாள் நீதிபதி 14 வார்டு போடலாம் என்று பரிந்துரைத்தார். மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள். சுமார் 54 சதவீதம் வேண்டாம் என்றது. கதை முடிந்தது.

மகளுக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். பத்துப் பேருக்கும் கட்டாயம் போட வேண்டியதில்லை. நாலு பேரைத்தான் பிடிக்கும் என்றால் நாலு பேருக்குப் போட்டுவிட்டு வரலாம். அந்த நாலு பேருக்கு அதில் பலம் கூடும். பிடிக்காதவருக்குப் பத்தை நிரப்பவென்று போட்டால், நாம் விரும்பினவரை நாமே தள்ளிவிடுகிற மாதிரி.

---

மர்ஃபி டவுன் லேத்:

தம்பி, ரொம்ப நன்றி. இரண்டு தடவை படித்தேன். மகளுக்கும் அனுப்பிவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம். மேயருக்கு ஒரே ஓட்டு என்கிறீர்கள். அப்படியானால் பத்து வருஷம் ஒருவர் மேயராக இருந்து என்ன செய்ய முடியும்? இங்கே மேயர் இருந்த காலத்தில் ஒருவருக்கு ஒரு வருஷம்தான். சங்கிலியைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து முடிப்பதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். எனக்கு ஒரு பெயரும் ஞாபகம் இல்லை.

---

திரும்பி வந்தவன்:

ஓட்டு ஒன்றுதான், ஆனால் ஊரே சேர்ந்து நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஆள். நாலு வருஷம் நிச்சயம். நகராட்சி நிர்வாகியை நியமிப்பதும் அனுப்புவதும் அந்தச் சபைதான். நம் ஊரில் கமிஷனரை அனுப்புவது விதான சௌதா, அதாவது மாநில அரசு. அதுதான் வித்தியாசம். வான்கூவர் மேயர் நாற்காலியிலிருந்து மாகாண முதல்வர் ஆனவர்கள் இரண்டு பேர், மைக் ஹார்கோர்ட், கார்டன் கேம்ப்பெல். பெங்களூரில் மேயராக இருந்து யாராவது முதல்வர் ஆவார் என்று கற்பனையாவது செய்ய முடிகிறதா?

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்கும். 1972-ல் அந்தச் சபைக்குப் போனவர்களில் ஒருவர் செட்டி பெண்டாகூர். இந்தியாவில் பிறந்தவர், அங்கே பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் பேராசிரியர். சீனர் குடியிருப்பை இடித்து நடுவில் விரைவுச்சாலை போட இருந்தார்களே, அதை எதிர்த்த கூட்டம் ஆட்சியைப் பிடித்த தேர்தல் அது. வார்டு இல்லாமலேயே ஜெயித்தார் பாருங்கள். வார்டு வேண்டும் என்ற என் வாதத்துக்கு நானே குழி தோண்டுகிறேன்.

---

மயூர் விஹார் மாமி:

நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். டெல்லிக் கதையையும் கேளுங்கள். எங்கள் மாநகராட்சியை 2012-ல் மூன்றாகப் பிரித்தார்கள். நிர்வாகம் மக்களுக்குப் பக்கத்தில் வரும் என்றார்கள். பத்து வருஷம் கழித்து 2022-ல் திரும்ப ஒன்றாக்கினார்கள். இப்போது நீங்கள் பெங்களூரை ஐந்து மாநகராட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறீர்கள், நடத்துங்கள்.

ஒன்றாக்கினதற்கு அப்புறம் அந்த டிசம்பரிலேயே 250 வார்டுக்குத் தேர்தல் நடந்தது. மேயரைத் தேர்ந்தெடுக்கத்தான் முடியவில்லை. மூன்று தடவை சபை கூடி, கூச்சலில் கலைந்தது. நியமன உறுப்பினர்கள் ஓட்டுப் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 2023 பிப்ரவரி 22 அன்று நாலாவது தடவைதான் மேயர் வந்தார். எல்லாம் முடிந்து, மார்ச்சோடு முடிகிற அந்த மாநகராட்சி வருஷத்தில் அவருக்கு மிஞ்சியது ஐந்து வாரம்! ஏப்ரலில் மறுபடி மேயர் தேர்தல், அவரேதான் வந்தார் என்பது வேறு விஷயம். நான் இதையெல்லாம் டி.வி.யில் பார்த்துக்கொண்டே ஒரு கிலோ அவரைக்காய் உரித்து முடித்தேன்.

---

கே.ஆர்.புரம் பாலம்:

என் அத்தை பையன் சர்ரேயில் இருக்கிறான், வான்கூவருக்குப் பக்கத்து ஊர். அங்கேயும் வார்டு இல்லை, மேயரும் எட்டுக் கவுன்சிலர்களும்தான். திரும்பி வந்தவன் அண்ணா மேயரைக் கொஞ்சம் தூக்கி வைத்துப் பேசுகிறார், அதற்காக இதை எழுதுகிறேன்.

சர்ரேயில் ரொம்ப வருஷமாக மத்திய போலீஸ்தான், அந்தச் சிவப்புக் கோட்டு ஆர்.சி.எம்.பி., ஒப்பந்தத்தில் காவல் காத்தது. 2018-ல் டக் மெக்கல்லம் "நமக்கு நம் போலீஸ்" என்று சொல்லி ஜெயித்து, புதுப் படையை ஆரம்பித்தார். 2022-ல் பிரெண்டா லாக் "பழைய போலீஸே போதும்" என்று சொல்லி 973 ஓட்டில் அவரைத் தோற்கடித்தார். சரி, மக்கள் சொல்லியாகிவிட்டது, நிறுத்திவிடலாம் என்றால், மாகாண அரசு விடவில்லை. 2023-ல் புதுப் படைதான் என்று உத்தரவு போட்டது, சட்டத்தையும் திருத்தியது. நகராட்சி கோர்ட்டுக்குப் போய் 2024 மே மாதம் தோற்றது. அந்த நவம்பர் 29 முதல் ஊர் புதுப் படையின் பொறுப்பில்.

அதாவது ஊரே சேர்ந்து தேர்ந்தெடுத்த மேயர், அதற்காகவே நின்று ஜெயித்த மேயர், அந்த ஒரு விஷயத்தைச் செய்ய முடியவில்லை. கனடா அரசியல் சட்டத்தில் நகராட்சி என்பது மாகாணத்தின் சொத்து, 1867-லிருந்தே அப்படித்தான். விதான சௌதா அங்கேயும் இருக்கிறது அண்ணா, பெயர்தான் வேறு.

---

திரும்பி வந்தவன்:

ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் ஒன்று யோசி. அவர்கள் அரசியல் சட்டத்தில் நகராட்சிக்கென்று தனிக் காப்பு எதுவும் இல்லை. ஆனாலும் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை, தேர்தல் வந்து நிற்கும். தேதியை இன்றைக்கே காலண்டரில் வட்டம் போடலாம், ஐயாவின் மகள் போட்டிருக்கிற மாதிரி. நம்மிடம் 74-வது திருத்தம் இருக்கிறது, ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று எழுத்திலேயே இருக்கிறது. பெங்களூரில் 2006-ல் கலைந்த சபைக்கு 2010-ல்தான் தேர்தல். 2020-ல் கலைந்ததற்கு 2025 ஆகியும் இல்லை. வார்டு எத்தனை என்பதில் நடக்கிற சண்டையிலேயே ஒரு கவுன்சிலின் ஆயுள் போய்விட்டது.

---

மர்ஃபி டவுன் லேத்:

எல்லோருக்கும் நன்றி. மாமி, அவரைக்காய் இங்கேயும் சீசன் ஆரம்பித்துவிட்டது.

நேற்று ராத்திரி மகள் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் படித்துவிட்டாள். பத்துக்குப் பத்தும் போடப் போவதில்லையாம், தெரிந்த பேருக்கு மட்டும்தானாம். அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வருகிற கூட்டங்களுக்குப் போய் ஆளை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வாளாம். அங்கே சபையில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துவிட்டுச் சில நிமிடம் பேசலாமாம், மாப்பிள்ளை ஒருநாள் போகப் போகிறார். அவர் வீட்டிலேயே வாய் திறக்காதவர். பார்க்கலாம்.

அப்புறம் அவள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, இப்ப அங்க ஐந்தா பிரிச்சுட்டாங்களே, நீங்க எதுல வரீங்க, உங்க வார்டு நம்பர் என்ன?" நான் பீரோவைத் திறந்து பழைய வரி ரசீதை எடுத்தேன். அதில் இருந்தது பழைய வார்டு நம்பர், 198 இருந்தபோது போட்டது. புதுப் பட்டியலில் எங்கள் சந்து எந்த வார்டில் விழுகிறது என்று இந்தப் பக்கம் யாருக்காவது தெரியுமா? ஏரிக்குக் கிழக்கே, மசூதிக்கு அடுத்த மூன்றாவது சந்து. விளக்கு எரியாத சந்து, சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்.