மறு: 'பொதுமன்னிப்பு' வேண்டாம், 'வழக்குத்துறப்பு' சரிவருமா?

வணக்கம்.

போரை முடிப்பதற்காகக் குற்றம் செய்தவர்கள் மேல் அரசு வழக்கே போடாமல் விடுவதை ஆங்கிலத்தில் amnesty என்கிறார்கள். என் கட்டுரையில் அதற்குப் 'பொதுமன்னிப்பு' வேண்டாம், 'வழக்குத்துறப்பு' என்று எழுதலாமா என்று கேட்டிருந்தேன். பினாங்கு ஐயா நேற்று எழுதியதற்கு நேராகவே பதில் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "பொதுமன்னிப்பு எல்லாருக்கும் புரிகிற சொல், அதைப் போய் ஏன் கிளற வேண்டும்" என்றீர்கள். புரிகிறதுதான் ஐயா, ஆனால் வேறு ஏதோ புரிகிறது. போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் தே தாரே குடித்துக்கொண்டே கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடைக்கார அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "பொதுமன்னிப்பு மறுபடி திறந்துட்டாங்களா தம்பி? எங்ககிட்ட ஒரு பையன் பெர்மிட் இல்லாம இருக்கான்" என்றார். நான் எழுதியிருந்ததோ மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் நடந்த உள்நாட்டுப் போர் பற்றி! இங்கே மலேசியாவில் அந்தச் சொல் குடிநுழைவுத் துறையில் அபராதம் கட்டிவிட்டு ஊருக்குப் போவதற்கு என்று ஆகிவிட்டது. அது போதாதென்று 2018-இல் நம் பேரரசர், தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த அரசியல் தலைவர் அன்வார் இப்ராகிமுக்குக் கொடுத்ததும் பொதுமன்னிப்புதான். அது தீர்ப்புக்கு அப்புறம் வருவது. நான் சொல்வது வழக்கே போடாமல் விடுவது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

இதைவிட எனக்கு உறுத்துவது 'மன்னிப்பு' என்ற பாதிதான். 1999 ஜூலையில் சியரா லியோன் போரை நிறுத்த, டோகோ நாட்டுத் தலைநகர் லோமேயில் போட்ட ஒப்பந்தம் கிளர்ச்சிப் படைத் தலைவர் ஃபோடே சங்கோவுக்கும் அவருடைய ஆட்களுக்கும் முழு விடுதலை கொடுத்தது, கனிம வள ஆணையத்தின் தலைவர் பதவியையும் சேர்த்து. துப்பாக்கியைக் கீழே வைக்க அதுதான் விலை, வெளியே வந்தால் சிறை என்றால் எவன் காட்டைவிட்டு வருவான் என்றார்கள். அதை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்தப் போரில் கை வெட்டுப்பட்டவர்கள் மன்னித்தார்களா என்பது அந்தத் தாளில் எங்கும் இல்லை. நாம் 'மன்னிப்பு' என்று எழுதும்போது அவர்கள் வாயில் அந்த வார்த்தையை நாமே திணிக்கிறோம்.

ஐயா சொன்ன 'குற்றமறப்பு' அழகான சொல், கிரேக்க மூலத்துக்கும் மறதி என்றுதான் பொருள். ஆனால் நிறவெறி ஆட்சி முடிந்தபின் தென்னாப்பிரிக்காவில் என்ன செய்தார்கள்? செய்ததை முழுக்க ஒப்புக்கொண்டவர்களுக்குத்தான் அங்கே வழக்கிலிருந்து விடுதலை. 7000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் பெரும்பாலானவை தள்ளுபடி. எதையும் மறக்காதே என்று சொல்லும் ஏற்பாட்டுக்கு 'மறப்பு' என்று பெயர் வைத்தால் எப்படி? 'வழக்கொழிப்பு' என்று ஈப்போ நண்பர் எழுதியிருந்தார், அதைப் பார்த்ததும் 'வழக்கொழிந்த சொல்' ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். 'வழக்குவிலக்கு' எனக்கே பிடித்திருந்தது, வரிவிலக்கு மாதிரி சரளமாக வருகிறது. ஆனால் பதவியில் இருப்பவர் மீது வழக்குப் போட முடியாது என்பதற்கும் 'விலக்கு' என்றுதான் எழுதுகிறோம். 2019 மார்ச்சில், அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சாசனத்தில் சேருவதாக ஆவணம் கொடுத்து, அடுத்த மாதமே நம் நாடு பின்வாங்கியபோது நடந்த சண்டை பெரும்பாலும் அந்த விலக்கைப் பற்றித்தானே, நம் பேரரசர் மேலேயே வழக்கு வருமா என்று. இரண்டையும் ஒரே சொல்லில் கட்டக் கூடாது.

அதனால்தான் 'வழக்குத்துறப்பு'. யார் துறப்பது? அரசு. வழக்குப் போடும் உரிமை தன் கையில் இருந்தும் அதை விட்டுவிடுகிறது. யாரும் மன்னிக்கவில்லை, யாரும் மறக்கவில்லை. இன்னொரு வசதி, தனக்கு உள்ளதைத்தான் ஒருவர் துறக்க முடியும். லோமேயில் கையெழுத்திடும்போது, இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றுக்கு இது செல்லாது என்று ஐநா பிரதிநிதி பேனாவால் எழுதிச் சேர்த்தார். 2004-இல், அந்தப் போரின் குற்றங்களை விசாரிக்கச் சியரா லியோனில் அமைத்த சிறப்பு நீதிமன்றமும், அந்த ஒப்பந்தம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்றது. பழைய சொல்லை வைத்துக்கொண்டு இதை விளக்க எனக்கு ஒரு பத்தி பிடித்தது. 'தன்னுடையது அல்லாததை சியரா லியோன் எப்படித் துறக்கும்' என்று இப்போது ஒரே வரியில் முடிகிறது. நிபந்தனை வழக்குத்துறப்பு, முழு வழக்குத்துறப்பு என்று நீட்டவும் வருகிறது. பழக்கமாகும்வரை முதல் இடத்தில் மட்டும் 'பொதுமன்னிப்பு எனப்படும்' என்று சேர்த்துவிடலாம்.

அடுத்த தலைவலி ரோம் சாசனத்தின் 16-ஆம் பிரிவு. சமாதானப் பேச்சு கெடாமல் இருக்க, ஐநா பாதுகாப்பு மன்றம் அந்த நீதிமன்றத்தின் ஒரு விசாரணையை 12 மாதம் நிறுத்தச் சொல்லலாம், பிறகு நீட்டிக்கவும் செய்யலாம். அதற்கு 'ஒத்திவைப்பு' என்று போட்டால் ஜாலான் டூத்தா கோர்ட்டில் கேஸை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது மாதிரி ஆகிவிடும். 'நிறுத்திவைப்பு' போதுமா? ஐயா, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், அன்றைக்குத்தான் பக்கத்தை முடிக்கிறார்கள்.