வயோஸுக்கு டைமிங் பெல்ட்டாம்! முதல் கார் வாங்குகிறவர்களைக் குழப்பாதீர்கள்

காக்கிபுக்கிட்_காளை:
நேற்று பாலா என்ற தம்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். சிங்கப்பூரில் ஓட்டுநர் உரிமம் எடுத்து மூன்று மாதம்தான் ஆகிறதாம். 2013-ல் பதிவான டொயோட்டா வயோஸ், 2023-ல் 5 ஆண்டுக்கு சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கிற உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்தது, இன்னும் 2 ஆண்டு 4 மாதம் பாக்கி, ஓடியது 162,000 கிலோமீட்டர். விற்பவர் 28,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறார், வாங்கலாமா என்பது கேள்வி. அதற்கு தோபாயோ_துரை எழுதியதை அப்படியே தருகிறேன்: "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் தம்பி. நானும் அதே வண்டிதான் வைத்திருக்கிறேன். 11 ஆண்டில் டைமிங் பெல்ட் ஒன்று மாற்றினேன், 480 வெள்ளி. வேறு செலவே இல்லை."

ஐயா, வயோஸுக்கு டைமிங் பெல்ட்டே (என்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற பெல்ட்) கிடையாது. வயோஸில் இருப்பது 1என்இசட்-எஃப்இ என்ற என்ஜின். உள்ளே அந்த வேலையைச் செய்வது செயின். இல்லாத பெல்ட்டை மாற்றியவர் பேச்சைக் கேட்டு ஒரு சின்னப் பையன் 28,000 வெள்ளியை எடுத்து நீட்ட வேண்டுமா?

தோபாயோ_துரை:
வந்துவிட்டார். போன வருடம் ஏர்கான் கேஸ் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று ஆனதிலிருந்து ஐயாவுக்கு என் பெயரைப் பார்த்தாலே வயிறு எரிகிறது. ஆறு வரி எழுதினேன். ஐந்து வரியை விட்டுவிட்டு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். பெல்ட் மாற்றியது உண்மை. பில் இருக்கிறது.

காக்கிபுக்கிட்_காளை:
ஏர்கான் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி என்று நீங்கள் மட்டும்தான் சொன்னீர்கள். அது கிடக்கட்டும். பில்லைப் போடுங்கள்.

செங்காங்_செல்வி:
பெல்ட்டோ செயினோ, முதலில் கணக்கைப் பார்க்கலாமா? 2 ஆண்டு 4 மாதம் என்றால் 28 மாதம். 28,000 வெள்ளி என்றால் மாதம் 1,000 வெள்ளி கரைகிறது. பெட்ரோல், காப்பீடு, ஈஆர்பி சாலைக் கட்டணம் எல்லாம் தனி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கூரையுள்ள நிறுத்துமிடம் மாதம் 110. சிஓஇ புதுப்பித்தபோதே பார்ஃப், அதாவது பத்து வயதுக்குள் பதிவை நீக்கினால் திரும்ப வருகிற பணம், போய்விட்டது. 5 ஆண்டுச் சான்றிதழை மறுபடி புதுப்பிக்கவும் முடியாது, கடைசி நாளில் வண்டி நேராக உடைக்கிற இடத்துக்கோ ஏற்றுமதிக்கோதான். 1.5 லிட்டருக்கு சாலை வரி ஆண்டுக்கு ஏறத்தாழ 680 வெள்ளி. பத்து வயது தாண்டினால் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் கூடிக்கொண்டே போய் 50-ல் நிற்கும். இந்த வண்டி 12 தாண்டிவிட்டது, ஆக 30 விழுக்காடு கூடுதல்.

இதே மாதக் கணக்கில் 8 வயது வண்டி ஒன்று கிடைத்தால், பத்து முடிவதற்குள் பதிவை நீக்கினால் முதலில் பதிவுக்காகக் கட்டிய ஏஆர்எஃப் வரியில் பாதி திரும்ப வரும். அது கையில் வருகிற காசு. இங்கே "மலிவு" என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். எது மலிவு? வாங்குகிற விலையா, மாதச் செலவா, கடைசியில் கையில் நிற்பதா? அதை முதலில் யாராவது சொல்லுங்கள்.

காக்கிபுக்கிட்_காளை:
செல்வி, கணக்கு அருமை. ஆனால் இங்கே பேச்சு அதுவல்ல. பேச்சு பெல்ட்.

பெடோக்_பெருமாள்:
தம்பிக்கு எதற்குக் கார்? வாசலில் எம்ஆர்டி ரயில். 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 2 வெள்ளிக்குப் போனது, தெரியுமா? இரண்டே வெள்ளி, இரண்டு கோப்பிக் காசு. அன்றைக்கு "இன்னும் இறங்கட்டும்" என்று காத்திருந்தவன் நான். 2023 அக்டோபரில் அதே ஏ பிரிவு 106,000. அன்றிலிருந்து கார் பேச்சே எனக்கு வேண்டாம்.

தோபாயோ_துரை:
வேண்டாம் என்கிறவர் கார் திரிக்குள் என்ன தேடுகிறார்?

பெடோக்_பெருமாள்:
உங்கள் பெல்ட்டைத்தான்.

காக்கிபுக்கிட்_காளை:
சிரித்தது போதும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். டைமிங் பெல்ட் ரப்பர். கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்றியே ஆக வேண்டும். ஓடும்போது அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வில் மோதும், என்ஜின் காலி. பழைய கொரோலாவில் இருந்த 4ஏ-எஃப்இ என்ஜினுக்கு பெல்ட். மிட்சுபிஷி லேன்சர் 1.6-இல் இருந்த 4ஜி18 என்ஜினுக்கும் பெல்ட். வயோஸுக்கு செயின். செயினை எண்ணெய் காப்பாற்றும். வேளாவேளைக்கு எண்ணெய் மாற்றினால் வண்டியின் ஆயுளுக்கும் வரும். மாற்றாமல் விட்டால் செயின் தளர்ந்து, காலையில் குளிர்ந்த என்ஜினை முடுக்கும்போது கலகலவென்று சத்தம் கொடுக்கும். ஆகவே பழைய வயோஸ் பார்க்கப் போகிறவர் விற்பவரிடம் "நான் வருவதற்கு முன் என்ஜினை ஓடவிடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். போய் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

துரை சொன்னதை நம்பினால் தம்பி என்ன கேட்பார்? "பெல்ட் மாற்றியாச்சா?" என்று கேட்பார். விற்பவர் "ஆச்சு, புதுசு" என்பார். முடிந்தது கதை. இதற்காகத்தான் கத்துகிறேன். செயின். செ-யி-ன்.

தோபாயோ_துரை:
பாடம் நடத்தியாயிற்றா? நான் 11 ஆண்டாக ஒரே பட்டறைக்குப் போகிறேன். அந்த அங்கிள் 40 வருடமாகத் தொழில் செய்கிறார். முன்பு என்னிடம் 90-களின் கொரோலா இருந்தது. அதற்கும் 100,000 கிலோமீட்டரில் அவர்தான் டைமிங் பெல்ட் மாற்றினார். அதே மாதிரி இதற்கும் சொன்னார், மாற்றினார். நீங்கள் கூகுளில் படித்ததை வைத்து 40 வருட அனுபவத்தைப் பொய் என்கிறீர்கள்.

செங்காங்_செல்வி:
துரை அண்ணே, அந்தக் கொரோலாவுக்கு டைமிங் பெல்ட் இருந்தது சரிதான். வயோஸில் மாற்றியது வெளியே ஆல்டர்னேட்டரையும் ஏர்கானையும் சுழற்றுகிற பெல்ட்டாக இருக்கும். பேர் மாறியிருக்கலாம். இது ஒரு பெரிய விஷயமா?

தோபாயோ_துரை:
அந்த வெளி பெல்ட் என்ன விலை என்று எனக்குத் தெரியாதா? அதற்குப் போய் 480 வெள்ளி கொடுக்க நான் என்ன ஏமாளியா?

காக்கிபுக்கிட்_காளை:
அதைத்தானே நானும் மூன்று நாளாகக் கேட்கிறேன்.

பெடோக்_பெருமாள்:
ஐயோ.

தோபாயோ_துரை:
மூன்று நாளா? இந்தத் திரி ஆரம்பித்து ஒரு நாள்கூட ஆகவில்லை. இவர் கணக்கு இவ்வளவுதான், இவர் சொல்கிற என்ஜின் எண்ணை எல்லாரும் நம்ப வேண்டுமாம்.

பி_பிளேட்_பாலா:
எல்லாருக்கும் வணக்கம், கேள்வி கேட்டது நான்தான். அண்ணே, விற்பவர் 500 வெள்ளி முன்பணம் கேட்கிறார். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கிற லெமன் சட்டம் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்கிறார். அம்மா கோயிலில் வண்டிப் பூஜைக்கு நாள் பார்த்துவிட்டார். எனக்கு இருப்பது 3ஏ உரிமம், ஆட்டோ கியர் கார் மட்டும்தான் ஓட்ட முடியும்.

பெடோக்_பெருமாள்:
தம்பி, டயருக்கு அடியில் வைக்கிற எலுமிச்சை வேறு, அந்தச் சட்டத்தில் இருக்கிற எலுமிச்சை வேறு. நான்கு டயருக்கும் நான்கு பழம் நசுக்கிவிட்டால் கியர்பாக்ஸ் சரியாகிவிடாது.

உட்லண்ட்ஸ்_உமாபதி:
இது தேவையில்லாத பேச்சு. யார் நம்பிக்கையையும் கேலி செய்யாதீர்கள். 20 வருடமாக என் வண்டிகள் எல்லாவற்றுக்கும் பூஜை போட்டுத்தான் எடுத்தேன், ஒரு கீறல் இல்லை.

பெடோக்_பெருமாள்:
பூஜையை நான் எங்கே கேலி செய்தேன்? பழம் வேறு சட்டம் வேறு என்றேன்.

உட்லண்ட்ஸ்_உமாபதி:
சொன்ன தொனி எங்களுக்குப் புரியாதா? அப்புறம், ஆட்டோ மட்டும் ஓட்டுகிறவர்களை ஓட்டுநர் என்றே நான் சொல்ல மாட்டேன். கிளட்ச் பிடிக்கத் தெரியாதவர் நாளைக்கு ஊருக்குப் போனால் மாமா வண்டியைக்கூட நகர்த்த முடியாது.

செங்காங்_செல்வி:
நானும் 3ஏ தான். இரண்டு பிள்ளைகளையும் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். என்னை என்னவென்று சொல்வீர்கள்? பயணியா?

உட்லண்ட்ஸ்_உமாபதி:
பொதுவாகச் சொன்னேன், தங்கச்சி.

செங்காங்_செல்வி:
தங்கச்சி எல்லாம் வேண்டாம்.

காக்கிபுக்கிட்_காளை:
பாலா, லெமன் சட்டம் 2012 செப்டம்பர் 1-இல் நடப்புக்கு வந்தது. பழைய கார்களுக்கும் உண்டு. வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரிகிற குறை, கொடுக்கும்போதே இருந்தது என்று எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது விற்பவர் பொறுப்பு. ஆனால் இது வியாபாரியிடம் வாங்கினால்தான், தனி ஆளிடம் நேரடியாக வாங்கினால் கிடையாது. 12 வயது தாண்டிய வண்டிக்குத் தேய்மானம் என்று ஒரு வார்த்தையில் தப்பிக்கவும் பார்ப்பார்கள். வாங்குவதற்கு முன் தனியார் சோதனை நிலையத்தில் காட்டுங்கள். முடியாது என்று விற்பவர் சொன்னால் அதுவே பதில்.

காப்பீட்டையும் இப்போதே விசாரியுங்கள். உங்களுக்கு என்சிடி, அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கிற கட்டணக் கழிவு, பூஜ்யம். அது ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் ஏறி 50 ஆக ஐந்து வருடம் ஆகும். புது ஓட்டுநர், பழைய வண்டி, இரண்டும் சேர்ந்தால் முழுக் காப்பீடு எல்லா நிறுவனமும் தராது. முதல் ஆண்டு போக்குவரத்துக் குற்றப் புள்ளி 13 சேர்ந்தால் உரிமமே போய்விடும், சிவப்பு விளக்கைத் தாண்டினாலே 12.

பார்த்தீர்களா துரை, ஒரு பதில் இப்படி இருக்க வேண்டும். பில் எங்கே?

தோபாயோ_துரை:
பில் வீட்டில் இருக்கிறது, நான் வேலையில் இருக்கிறேன். எல்லாரும் உங்களைப் போல நாள் முழுக்க இங்கே உட்கார்ந்திருப்பதில்லை.

காக்கிபுக்கிட்_காளை:
வேலையில் இருந்துகொண்டே ஏழு பதில் போட்டிருக்கிறீர்கள். நான் எண்ணவில்லை, எண்ணத் தேவையும் இல்லை.

பெடோக்_பெருமாள்:
எண்ணாமல் ஏழு என்று எப்படித் தெரிந்தது? நான் எண்ணினேன், அவர் போட்டது ஆறுதான்.

செங்காங்_செல்வி:
மலிவு என்றால் என்ன என்ற என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.

தோபாயோ_துரை:
இதோ பில். "பெல்ட் – 480" என்று எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளுங்கள்.

காக்கிபுக்கிட்_காளை:
"பெல்ட்" என்றுதான் இருக்கிறது. "டைமிங்" எங்கே? கீழே "தண்ணீர்ப் பம்ப்" என்று ஒரு வரி இருக்கிறதே, அதை ஏன் விரலால் மறைத்துப் படம் எடுத்தீர்கள்? "வேறு செலவே இல்லை" என்றீர்களே?

தோபாயோ_துரை:
விரல் தற்செயலாக விழுந்தது. தண்ணீர்ப் பம்ப் ஒரு செலவா? தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரிடம் என்ன பேசுவது.

காக்கிபுக்கிட்_காளை:
நான் பிடித்த முயலுக்கு நான்கு கால். உங்கள் முயலுக்குத்தான் டைமிங் பெல்ட்.

உட்லண்ட்ஸ்_உமாபதி:
மேனுவல் வயோஸ் ஒன்று உட்லண்ட்ஸில் விற்பனைக்கு இருக்கிறது, யாருக்காவது வேண்டுமா?

பி_பிளேட்_பாலா:
அண்ணே, முன்பணம் 500 கொடுத்துவிட்டு பரிசோதனையில் குறை வந்தால் அது திரும்பக் கிடைக்குமா? இன்று மாலை 6 மணிக்குள் சொல்லச் சொல்கிறார்கள்.

தோபாயோ_துரை:
அந்தப் பட்டறை அங்கிளிடமே சனிக்கிழமை நேரில் கேட்கப் போகிறேன். அவர் டைமிங் பெல்ட் என்று சொன்னால் இங்கே மன்னிப்புக் கேட்பீர்களா?

காக்கிபுக்கிட்_காளை:
அவர் சொன்னாலும் உள்ளே செயின்தான். போகிறபோது நானும் வருகிறேன், வால்வு மூடியைக் கழற்றிப் பார்ப்போம். பட்டறை எந்தத் தெரு?

தோபாயோ_துரை:
அதை உங்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?