‘அம்மா வீடு’ குழு: நாற்காலி இறங்கவில்லை

சனிக்கிழமை

[இரவு 8:52] நான்: எல்லாரும் பாருங்கள். அம்மாவை எழுப்பி நிறுத்தும் மோட்டார் நாற்காலி முழுதாக எழும்பிய நிலையில் நின்றுவிட்டது. அம்மா எழுந்து கழிவறைக்குப் போய்த் திரும்பி வந்து ரிமோட்டை அழுத்தியிருக்கிறார். அசைவே இல்லை. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்பட வேண்டாம். சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன்.

[இரவு 8:54] அக்கா (கோலாலம்பூர்): ஐயோ, அந்தக் கட்டை நாற்காலியிலா? அந்த முழங்காலோடு எப்படி எழுந்திருப்பார்?

[இரவு 8:55] தங்கச்சி (பினாங்கு): அண்ணா, கையைப் பிடித்து மட்டும் இழுத்துவிடாதே. தோள் இறங்கிவிடும். முதலில் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து வரச் சொல். பாதங்கள் முழங்காலுக்குப் பின்னால் இருக்கட்டும். மூக்கு முன்னால் வரும் அளவுக்குக் குனிந்து, கைப்பிடியை அழுத்தி எழட்டும். நீ பக்கத்தில் நின்று இடுப்பைத் தாங்கினால் போதும்.

[இரவு 8:57] பெரியண்ணன் (ஜொகூர்): கரண்ட் இருக்கிறதா? அடாப்டரில் இரண்டு பேட்டரி இருக்குமே, அதை மாற்றிப் பார்த்தாயா?

[இரவு 8:59] நான்: கரண்ட் இருக்கிறது அண்ணா. அடாப்டரில் பச்சை விளக்கு எரிகிறது.

[இரவு 9:03] மாமா (அம்மாவின் தம்பி): பச்சை எரிந்தால் பிளக்கின் ஃபியூஸும் நன்றாக இருக்கிறது என்று பொருள். பேட்டரி கரண்ட் போகும் நேரத்துக்கு மட்டும்தான். 9 வோல்ட் பேட்டரி இரண்டு சேர்ந்து நாற்காலியை ஒரு தடவை கீழே இறக்கிக் கொடுக்கும், அவ்வளவே. இப்போதைய கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தம்பி, நாற்காலிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார். அடாப்டரின் கம்பி மோட்டாரில் சேரும் இடமும், ரிமோட்டின் வட்டப் பிளக் சேரும் இடமும் கழன்றிருக்கிறதா?

[இரவு 9:10] நான்: இரண்டும் இறுக்கமாக இருக்கின்றன மாமா. கழற்றி மறுபடி சொருகியும் பார்த்துவிட்டேன்.

[இரவு 9:12] மாமா: சரி. யாரும் நாற்காலிக்கு அருகில் இல்லாமல் பார்த்துக்கொள். அடியில் கத்தரிக்கோல் மாதிரி மடங்கும் இரும்புப் பட்டைகள் இருக்கின்றன, கை வைத்துவிடாதே. இறக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே ரிமோட்டின் கழுத்தில் கம்பியை மெதுவாக இப்படியும் அப்படியும் வளை.

[இரவு 9:15] நான்: அசைந்தது! இரண்டு அங்குலம் இறங்கி நின்றுவிட்டது. ஏற்றும் பொத்தானை அழுத்தி வளைத்தால் ஏறவும் செய்கிறது.

[இரவு 9:16] மாமா: அப்படியானால் மோட்டார் நலம், அடாப்டரும் நலம். கம்பி கழுத்தில் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. ஒரு திசை மட்டும் செத்திருந்தால் பொத்தானைச் சந்தேகப்படலாம். இரண்டு திசையும் சேர்ந்து செத்து, வளைத்தால் உயிர் வருகிறது என்றால் கம்பிதான்.

[இரவு 9:18] அக்கா (கோலாலம்பூர்): அப்போது வளைத்து வளைத்து இறக்கிவிட்டு இன்று இரவு மட்டும் அம்மாவை அதில் உட்கார வைக்கலாமே?

[இரவு 9:20] மாமா: வேண்டாம் பிள்ளை. பாதி ஏறியதும் நின்றுவிட்டால் அக்காள் சரிவில் தொங்குவார். அறுந்த இழைகள் ஒன்றோடொன்று உரசினாலும் ஆபத்து. 22 ஆண்டு வயர்மேனாக இருந்தவன் சொல்கிறேன், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடு. இன்று கட்டிலில் படுக்கட்டும்.

[இரவு 9:24] பெரியண்ணன் (ஜொகூர்): வாங்கிய கடைக்குக் கூப்பிட்டுப் பேசினேன். அந்த மாடல் இப்போது வருவதில்லையாம். ரிமோட் தனியாக வேண்டுமென்றால் ஆறு வாரம் ஆகுமாம், அதுவும் உறுதியில்லையாம். புது நாற்காலி எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். நான் பணம் அனுப்புகிறேன். அம்மா ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம்.

[இரவு 9:31] நான்: அண்ணா, உங்கள் மனம் எனக்குத் தெரியும். இதை வாங்கியபோதும் பெரும்பங்கு நீங்கள்தான் போட்டீர்கள். ஆனால் மோட்டார் ஓடுகிறது, இரும்பு உறுதியாக இருக்கிறது, மெத்தை அம்மாவின் உடம்புக்குப் பழகிவிட்டது. விரற்கடை நீளக் கம்பிக்காக இந்த நாற்காலியைக் குப்பைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நாளை ஒரு நாள் எனக்குக் கொடுங்கள்.

[இரவு 9:33] பெரியண்ணன் (ஜொகூர்): சரி, நாளை ஒரு நாள். மாமா கூட இருக்க வேண்டும்.

[இரவு 9:35] அக்கா மகன் (ஈப்போ): மாமா, நான் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் வாங்கிய மல்டிமீட்டரும் சால்டரிங் கருவியும் என்னிடம் இருக்கின்றன. ஆன்லைனில் இதே மாதிரி ரிமோட் நிறைய இருக்கிறது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். வட்டப் பிளக்கில் ஐந்து ஊசி இருந்தாலும் ஊசிகள் நிற்கும் வளைவு மாறும், எந்த ஊசியில் எந்தக் கம்பி என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். படம் எடுத்து அனுப்புங்கள்.

[இரவு 9:38] நான்: [படம்] ஐந்து ஊசி, மருமகனே. அடாப்டரில் 29 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை

[காலை 6:20] நான்: ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரவு அம்மாவின் கட்டிலருகே வைத்த தண்ணீர் வைத்தபடியே இருக்கிறது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். குடித்தால் இரவில் எழுந்திருக்க வேண்டும், உன்னை எழுப்ப வேண்டும், நீ வேலைக்குப் போகிற பிள்ளை என்றார். இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதுகூட அவருக்கு நினைவில்லை.

[காலை 6:24] தங்கச்சி (பினாங்கு): என் வார்டில் தினமும் இதைத்தான் பார்க்கிறேன் அண்ணா. எழுந்திருக்க முடியாதவர்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள், பிறகு நீர்க்கடுப்பு, மலச்சிக்கல், தலைசுற்றல் என்று வந்து சேர்கிறது. இப்போதே ஒரு டம்ளர் கொடு. நீ பக்கத்தில் நின்று குடிக்க வை.

[காலை 6:25] அக்கா (கோலாலம்பூர்): விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சோறாக்கி, ரப்பர் தோட்டத்துப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓடி, இரண்டு வாளி ரப்பர் பாலைக் காண்டாவில் (தோள் கம்பில்) தூக்கி வந்த அம்மா. கழிவறைக்குப் போக மகனை எழுப்பக் கூச்சப்படுகிறார்.

[காலை 9:40] நான்: மருமகன் வந்துவிட்டான். மாமாவும் வந்துவிட்டார். பிளக் சுவரில் இல்லை என்பதை மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டோம்.

[காலை 9:58] அக்கா மகன் (ஈப்போ): [படம்] ரிமோட்டின் முதுகில் நான்கு திருகு. இரண்டு, ரப்பர் ஒட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தன. திறந்ததும் முதல் வேலையாகப் படம் எடுத்தேன். பச்சைப் பலகை ஒன்று, இரண்டு பொத்தான், நான்கு கம்பி. இரண்டு கம்பி கரண்டைக் கொண்டுவருகின்றன, இரண்டு மோட்டாருக்குப் போகின்றன. ஐந்தாவது ஊசிக்கு வேலையில்லை.

[காலை 10:01] நான்: பொத்தானுக்கு அடியில் என்ன இருந்தது தெரியுமா? திருநீறு. காலையில் பூசிய கையோடு அம்மா ரிமோட்டைத் தொடுவார் அல்லவா, ஓரத்து இடுக்கு வழியாக இறங்கியிருக்கிறது. தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்து சாம்பல் நிறக் களிம்பாக ஒட்டியிருக்கிறது. மாமா பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டு, பூசைப் பாத்திரம் துலக்குவதைப் போல நிதானமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

[காலை 10:15] அக்கா மகன் (ஈப்போ): [படம்] மீட்டரில் ஒவ்வொரு கம்பியையும் சோதித்தேன். மூன்று கம்பி ஒலி எழுப்புகின்றன. கறுப்புக் கம்பி மட்டும் ஊமை. மேல்தோலைக் கீறிப் பார்த்தால், கழுத்துக்குள் நுழையும் இடத்தில் செம்பு இழைகள் அத்தனையும் அறுந்து நுனி கறுத்துப்போயிருக்கின்றன. வெளியே தோல் முழுதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

[காலை 10:17] பெரியண்ணன் (ஜொகூர்): அந்த இடத்தில் மட்டும் ஏன் அறுந்தது? விலை கொடுத்து வாங்கிய பொருள். ஒட்டிவிட்டால் மறுபடி அதே இடத்தில் அறுந்துவிடாதா?

[காலை 10:18] மாமா: நல்ல கேள்வி. நானும் அதைத்தான் யோசிக்கிறேன். சும்மா கிடக்கிற கம்பி இப்படி அறாது.

[காலை 10:31] நான்: அம்மாவிடம் கேட்டேன். முதலில் சொல்லவில்லை. பிறகு மெல்லச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்:

“ரிமோட் கீழே விழுந்துவிட்டால் என்னால் குனிந்து எடுக்க முடியாது. ஒரு தடவை விழுந்துவிட்டது, நீ வரும்வரை இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து கைப்பிடியில் கம்பியை மூன்று சுற்று இறுக்கிச் சுற்றித்தான் வைப்பேன். அது கையில் இல்லாவிட்டால் பால் வெட்டும் உளி இல்லாமல் ரப்பர் மர நிரைக்குப் போன மாதிரி இருக்கிறது.”

[காலை 10:32] அக்கா (கோலாலம்பூர்): இரண்டு மணி நேரமா. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

[காலை 10:34] நான்: எனக்கும் இப்போதுதான் தெரியும் அக்கா. தினமும் பக்கத்து அறையில் இருக்கிறேன், கம்பி இறுகியிருப்பதைப் பார்த்தும் இருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

[காலை 10:36] மாமா: அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. நாற்காலி ஏறும்போதெல்லாம் சுற்றிய கம்பி இழுபட்டு, இழுப்பு முழுவதும் கழுத்தில் விழுந்திருக்கிறது. ஒட்டுவது பாதி வேலை. ரிமோட் விழாமல் இருக்க ஓர் இடம் செய்துகொடுத்தால்தான் வேலை முடியும். இல்லாவிட்டால் அக்காள் மறுபடி சுற்றத்தான் செய்வார், சுற்றவும் வேண்டும்.

[காலை 10:37] அக்கா (கோலாலம்பூர்): நான் பை தைக்கிறேன். கைப்பிடியில் மாட்டும் துணிப்பை. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று என்னிடம் இருக்கிறது.

[காலை 11:20] அக்கா மகன் (ஈப்போ): கெட்டுப்போன மூன்று சென்டிமீட்டரை வெட்டிவிட்டு, நான்கு கம்பிகளையும் புதிதாகச் சீவி, நுனிக்கு ஈயம் பூசி, பலகையில் வைத்தேன். ஆனால் சூட்டில் சுருங்கும் குழாயை முன்பே கம்பியில் கோக்க மறந்துவிட்டேன். இரண்டு கம்பியைக் கழற்றி மறுபடி வைக்க வேண்டியதாகிவிட்டது.

[காலை 11:22] மாமா: பரவாயில்லை, கை நன்றாக இருக்கிறது. ஈயம் பளபளவென்று கம்பியோடு ஒட்டிப் படர்ந்திருக்கிறது. உருண்டையாக நின்றிருந்தால் மறுபடி செய்யச் சொல்லியிருப்பேன். கழுத்துக்கு உள்பக்கம் ஒரு கேபிள் டை இறுக்கிக் கட்டியிருக்கிறோம். இனி வெளியே இழுத்தால் இழுப்பு அந்த முடிச்சில் நிற்கும், ஈயத்துக்குப் போகாது.

[காலை 11:35] நான்: மூடித் திருகி, பிளக்கைப் போட்டோம். நாற்காலியில் யாரும் இல்லை. பச்சை விளக்கு எரிந்தது. ஏற்றும் பொத்தானை அழுத்தினேன். இறங்குகிறது!

[காலை 11:36] தங்கச்சி (பினாங்கு): என்ன அண்ணா, தலைகீழாக?

[காலை 11:38] அக்கா மகன் (ஈப்போ): சித்தி, மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பியும் இடம் மாறிவிட்டன. கழற்றி வைத்தேனே, அப்போது நடந்தது. மோட்டாருக்கு மேல் கீழ் தெரியாது. கரண்ட் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சுற்றும். ரிமோட்டின் வேலையே அந்தக் கரண்டைத் திருப்பிவிடுவதுதான். முதலில் எடுத்த படத்தைப் பார்த்து மாற்றிவிடுகிறேன்.

[காலை 11:39] மாமா: பிளக்கைக் கழற்றிவிட்டு.

[காலை 11:39] அக்கா மகன் (ஈப்போ): கழற்றிவிட்டேன் தாத்தா.

[நண்பகல் 12:04] நான்: சரியாகிவிட்டது. ஏற்றினால் ஏறுகிறது, இறக்கினால் இறங்குகிறது. கம்பியை வளைத்துப் பார்த்தோம், நிற்கவில்லை. ஏறியும் இறங்கியும் நான்கு தடவை. அதற்குமேல் வேண்டாம் என்று மாமா தடுத்துவிட்டார். மோட்டாரில் ஒட்டியிருக்கும் சீட்டில் இரண்டு நிமிடம் ஓட்டினால் பதினெட்டு நிமிடம் ஓய்வு என்று போட்டிருக்கிறது. சூடாகவிட்டால் தானாக நின்றுவிடும், பிறகு அதுவும் கெட்டுவிட்டது என்று நாம் அலைவோம்.

[நண்பகல் 12:10] மாமா: அடாப்டரின் பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தேன். வாங்கிய நாளிலிருந்து மாற்றவே இல்லை போலிருக்கிறது. ஒன்று கசிந்து வெள்ளைப் பூப்பூத்துக் கிடக்கிறது. இடி மழையில் கரண்ட் போயிருந்தால் நாற்காலி இறங்கியிருக்காது. பெரியவனே, நேற்று நீ பேட்டரி பற்றிக் கேட்டது வீண்போகவில்லை.

[நண்பகல் 12:12] பெரியண்ணன் (ஜொகூர்): உடனே மாற்றிவிடுங்கள் மாமா. மாற்றிய தேதியை மூடிமேல் எழுதிவையுங்கள். புது நாற்காலிக்கு நினைத்த பணத்தில், இதே ஊசி அமைப்பில் உதிரி ரிமோட் ஒன்று வாங்கி வீட்டில் வைப்போம். மருமகன் பார்த்துச் சொல்லட்டும்.

[பிற்பகல் 2:30] நான்: பட்டணத்துக் கடையில் பேட்டரி வாங்கி மாற்றியாயிற்று. தேதியும் எழுதிவிட்டேன். சுவர் பிளக்கைக் கழற்றிச் சோதித்தோம், பேட்டரியில் மட்டும் மெதுவாக இறங்கியது. அம்மா இப்போது நாற்காலியில். கம்பியைச் சுற்றக் கை போகிறது, பிறகு நிறுத்திக்கொள்கிறார். இப்போதைக்குக் கைப்பிடியில் ஒரு துண்டைக் கட்டி, அதில் ரிமோட்டைச் செருகியிருக்கிறேன்.

[மாலை 6:48] நான்: சமையலறையில் இருந்தேன். மோட்டார் ஓசை கேட்டது. எட்டிப் பார்ப்பதற்குள் அம்மா எழுந்து நடந்துபோய் சாமி விளக்கை ஏற்றிவிட்டார். என்னைக் கூப்பிடவில்லை.

[மாலை 6:50] தங்கச்சி (பினாங்கு): தண்ணீர்?

[மாலை 6:51] நான்: மதியத்திலிருந்து மூன்று டம்ளர். ஒரு கோப்பை மைலோவும்.

[மாலை 6:55] அக்கா (கோலாலம்பூர்): சேலையை வெட்டிவிட்டேன். சனிக்கிழமை ரயிலில் நானே கொண்டுவருகிறேன். கைப்பிடியின் அகலம் எவ்வளவு? வலப்பக்கமா, இடப்பக்கமா?

[மாலை 6:58] நான்: வலப்பக்கம். அளந்துவிட்டேன் அக்கா, பதினாறு சென்டிமீட்டர். வாயைச் சற்று அகலமாகத் தை. அம்மாவின் விரல்கள் முன்போல மடங்குவதில்லை.